கழுவிய குப்பை

"என் தங்கச்சிக்கு நாப்பது மணி நேரம் எழுதிக் குடுங்க மேடம்."

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், சின்னவள் விஷயமாக மட்டும் அந்த அம்மாளிடம் வாயைத் திறந்துவிடாதே என்று அம்மா எட்டு மாதமாக ஓதிக்கொண்டிருந்தாள். தலை வாரும்போது ஓதினாள், தட்டு வைக்கும்போது ஓதினாள், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட ஒருமுறை ஓதினாள். பெரியவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சேவைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்ட புதுவகைப் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவ கணக்குல எவ்வளவும்மா இருக்கு?"

"பதினொண்ணு."

"திங்கக்கிழமைதானே கடைசி நாள்?"

"அதனாலதான் இன்னிக்கே கேக்கறேன்."

பழைய பிஸ்கட் கிடங்கு ஒன்றைத் தடுத்துத் தடுத்து எட்டு வகுப்பறையாக்கிய பள்ளி அது. நூற்று நாற்பது பிள்ளைகள். மழைக்காலத்தில் இன்னும் லேசாக பிஸ்கட் வாசனை வரும். மேடம் யாரிடமும் கைநீட்டாமல் தானே ஆரம்பித்துத் தானே நடத்துகிற பள்ளி. பெரிய பள்ளிகளில் நீச்சல் குளம் இருக்கும், குதிரை இருக்கும். இங்கே சேவை இருந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்குள் நாற்பது மணி நேரம் பிறருக்காக உழைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வேன் கிளம்பும். முதியோர் இல்லத்தில் பேப்பர் படித்துக் காட்டுவார்கள், நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவார்கள். நாற்பது நிறைந்தால் மேடம் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதம் இருந்தால்தான் சின்னவள் விண்ணப்பித்திருந்த நர்சிங் கல்லூரியில் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் பதிவேட்டில் எழுதுகிற வேலை பெரியவளுடையது. வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கிய பட்டத்தோடு, அம்மா கூட்டிப் பெருக்குகிற அதே பள்ளியின் ஆபீஸ் ரூமில் எட்டு மாதமாக உட்கார்ந்து, யார் யார் எத்தனை மணி நேரம் நல்லவர்களாக இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாக்கி இருபத்தொம்பது மணி நேரம் உன் தங்கச்சி எப்ப செஞ்சா?" என்றார் மேடம்.

"சனிக்கிழமை சனிக்கிழமை. வேன் கிளம்பும்போது அவ இங்கதான் இருந்தா மேடம். எங்கம்மாவுக்கு இடுப்பு போனதிலேர்ந்து எட்டு ரூமும் பன்னெண்டு கக்கூஸும் ரெண்டு பேருமாத்தான் கழுவறாங்க."

"அது உங்கம்மா வேலைம்மா."

"எங்கம்மா வேலைதான். அவ வேலை இல்லியே?"

"பெத்தவங்களுக்கு ஒத்தாசை பண்றது கடமை. முன்னே பின்னே தெரியாதவங்களுக்குப் பண்றதுதான் சேவை."

"போன மாசம் நம்ம பையன் ஒருத்தன் முதியோர் இல்லத்துல அவனோட சொந்தத் தாத்தாவுக்குப் பேப்பர் படிச்சிட்டு வந்தான். ரெண்டு மணி நேரம்னு நான்தான் எழுதினேன்."

மேடம் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு அதற்காக வருத்தப்பட்டவர்போலக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லாப் பேசறே. திங்கக்கிழமை சேவை நாள் முடியட்டும். சாயங்காலம் சொல்றேன். அதுவரைக்கும் இதை யார்கிட்டயும் பேசாதே, உங்கம்மாகிட்டகூட."

அம்மாவுக்கு அவள் படியிறங்குவதற்குள் தெரிந்துவிட்டது. தடுப்புச் சுவர்கள் எல்லாம் கூரைவரை எட்டாத பள்ளி அது.

*

வீடு, வெல்டிங் பட்டறை ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறை. அப்பா லாரியோடு போகிறவர், மாதம் ஒருதரம் வந்து ரெண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் பெரியவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. காலி தண்ணீர் பாட்டில்கள், தயிர் டப்பாக்கள், ஜூஸ் உறைகள், டீக்கடைக் கப்புகள். எல்லாம் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து, வரிசை வரிசையாக. துணிக் கொடியில் சட்டை பாவாடைக்குப் பதில் பிளாஸ்டிக் பைகள் கிளிப் மாட்டித் தொங்கின. நடுவில் இரண்டு தொட்டிகள்; ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் நல்ல தண்ணீர். அம்மா முக்காலியில் உட்கார்ந்து பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். சின்னவள் அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? ஸ்கூலை விட்டுட்டுப் பழைய பொருள் யாவாரமா?"

அம்மா பாட்டிலை 'டங்'கென்று தொட்டியில் போட்டாள். அந்த 'டங்'குக்கு அர்த்தம் பெரியவளுக்குத் தெரியும்.

"கேட்டுட்டே, இல்ல?" என்றாள் அம்மா கடைசியில்.

"கேட்டேன்."

"நாக்குல சனியை வச்சுக்கிட்டுப் பொறந்தவ நீ. அந்தம்மா நெனச்சா மூணு பேரும் ஒரே நாள்ல வெளிய. தெரியும்ல?"

"வெளிய அனுப்பட்டுமே. அது கெடக்கட்டும், இது என்ன?"

"ஒண்ணுமில்ல. கால்ல படாம உள்ள போ."

"ஒண்ணுமில்லாததையா ரெண்டு பேரும் சோப்பு போட்டுத் தேய்க்கறீங்க?"

மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தவள். அந்த வருடங்களில் இந்த மாதத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லும்மா, இல்லேன்னா அக்கா இன்னிக்குச் சாப்பிடாது."

"நீயே சொல்லித் தொலை."

"சேவை நாளுக்குக்கா. திங்கக்கிழமை பிள்ளைங்க வந்து தெருவையும் கிரவுண்டையும் சுத்தம் பண்ணும்ல? அதுக்கான குப்பை."

பெரியவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"குப்பையா? கழுவியா?"

அதற்கப்புறம் கேள்விமேல் கேள்வி. கோபப்படக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் சேவை நாளில் ஒரு குழந்தையின் உள்ளங்கையை உடைந்த பாட்டில் கிழித்துவிட்டது. நாலு தையல். பெற்றோர்கள் கூடி வந்து கத்தினார்கள். அடுத்த வருடம், பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆபத்தானதை எல்லாம் எடுத்துவிடு என்று மேடம் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். சேவை நாளன்று விருந்தாளி வந்து நிற்கிறார், நூற்று நாற்பது பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், தெருவில் ஒரு துரும்பு இல்லை.

"மேடம் மூஞ்சி செத்துப்போச்சு," என்றாள் அம்மா. "ஓடி வந்து, 'அக்கா, எங்க கொட்டினீங்க, சீக்கிரம் எடுத்துட்டு வந்து போடுங்க'ன்னாங்க. போட்டேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் முந்தின நாளே போட்டுடச் சொல்லிட்டாங்க."

"போடச் சொன்னாங்க. கழுவச் சொன்னாங்களா?"

"கழுவாம எப்படிடி போடறது? சின்னஞ்சிறுசுங்க தொடறது. எவன் வாய் வச்சுக் குடிச்சதோ."

அம்மாவுக்கே உரிய தொழில்நுணுக்கம் ஒன்று அதற்குள் உருவாகியிருந்தது. பாட்டில் லேபிளைக் கிழிக்கக் கூடாது, கிழித்தால் குப்பை மாதிரி இருக்காது. தகர டப்பா கூடவே கூடாது. காகிதத்தை ரொம்ப இறுக்கிக் கசக்கினால் பையன்கள் பந்தாக்கிவிடுவார்கள். ரொம்ப லேசாகக் கசக்கினால் காற்று கொண்டுபோய்விடும். இது காற்று மாதம் என்பதால் பாட்டிலுக்கு ஒரு கரண்டி, கப்புக்கு அரைக் கரண்டி மணல். முடிந்ததும் பிள்ளைகள் பொறுக்கிக் கட்டிய மூட்டைகளைப் பின்பக்க ஷெட்டில் போட்டுவைத்து அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொள்வாள்.

"அதே குப்பையா?"

"பின்ன, வருஷா வருஷம் புதுசுக்கு எங்க போறது? ஒடஞ்சது நஞ்சதுக்குப் பதில் கொஞ்சம் சேப்பேன்."

"இதுக்கு எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம்," என்றாள் சின்னவள். "ஸ்கூல் விட்டு வந்து தினமும் ரெண்டு மணி நேரம். நாலு வருஷமா. இந்த வருஷம் நீ ஆபீஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள மூட்டை கட்டி மறைச்சு வச்சோம்."

பெரியவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். நூறைத் தாண்டியது. பிறகு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பிரஷ்ஷை எடுத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் ஆறு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் சுட்டது, காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

அம்மா விதை விதைக்கிறவள் மாதிரி நடந்தாள். நாலு எட்டுக்கு ஒரு பாட்டில். சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் போடவில்லை. முள்வேலி ஓரமாகப் போடவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் நிற்கப்போகும் இடத்தில் உருண்டையாக, பெரியதாக, குனிந்தால் கைக்கு எட்டுவதாக. பெரிய வகுப்புக்கு மரத்தடியில், மேடைக்கு அடியில், கொஞ்சம் தேடி எடுக்கும்படி.

"தேடி எடுத்தாத்தான் அதுங்களுக்கு ருசி," என்றாள்.

பெரியவள் ஒரு தயிர் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். அம்மா அதை எடுத்து வந்து, பக்கவாட்டில் சாய்த்து, பாதி மண்ணில் புதைத்து வைத்தாள்.

"எறியாதே. எறிஞ்சா எறிஞ்ச மாதிரி இருக்கும்."

"குப்பைன்னா எறிஞ்ச மாதிரிதானே இருக்கணும்?"

"தானா வந்து கெடந்த மாதிரி இருக்கணும். படிச்சவதானே நீ?"

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அம்மா புதைத்துவைத்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது ஒரு மாதமாக அங்கேயே கிடப்பதுபோல இருந்தது. இவ்வளவு கைத்திறனை வைத்துக்கொண்டு இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

மேடை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சின்னவளைக் கேட்டாள்.

"நீ ஏண்டி ஒருநாளும் கேக்கலை?"

"என்னன்னு கேக்கறது?"

"இதுக்கு மணி எழுதுங்கன்னு."

"நீதானேக்கா எழுதறவ. எழுதிப் பாரேன். 'செய்த சேவை' கட்டத்துல என்னன்னு எழுதுவே? ஊரெல்லாம் குப்பை போட்டான்னா?"

"உனக்கு அந்தக் காலேஜ் வேணுமா வேணாமா?"

சின்னவளின் சிரிப்பு நின்றது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"வேணும். ரொம்ப வேணும்க்கா," என்றாள். "ஆனா அம்மாவை நிறுத்திட்டாங்கன்னா அங்க போயி என்னால படிக்க முடியாது. அதையும் பார்த்துக்க."

*

திங்கட்கிழமை விருந்தாளியாக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். விளையாட்டு ஆசிரியர், விசில் சார் என்றுதான் அவருக்குப் பெயர், நீளமாக ஊதினார். நூற்று நாற்பது பிள்ளைகள் கையுறையோடு பாய்ந்தார்கள். பெரியவள் வராந்தாவில் மேசை போட்டுப் பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தாள். தலைக்கு நாலு மணி நேரம் என்று எழுத வேண்டும். உண்மையில் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்று விசில் சாரே சொன்னார்.

இருபதாவது நிமிடத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று, முன்பல் இரண்டும் விழுந்தது, கையில் பாட்டிலோடு ஓடி வந்தது.

"அக்கா! இது என் மீனு!"

"எது மீனு?"

பாட்டிலின் அடியில் ஆணியால் கீறிய மீன் ஒன்று இருந்தது. வால் கோணல்.

"போன வருஷமும் நான்தான் இதை எடுத்தேன். போரடிச்சுது, மீனு வரைஞ்சேன். அதே மீனு திரும்பி வந்துடுச்சு! மோந்து பாருங்க, சோப்பு வாசனை!"

செய்தி காற்றைவிட வேகமாகப் பரவியது. பொறுக்குவதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். "இதுல மண்ணு இருக்குடா." "எல்லாத்துலயும் ஒரே அளவு!" "என்னோடதுல பேர் எழுதியிருந்தேன், அது எங்க?" மேடைக்கு அடியில் நாலு பேர் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன தேடறாங்க இவ்வளவு ஆசையா?" என்று நீதிபதி கேட்டார்.

"சேவை ஆர்வம் சார்," என்றார் விசில் சார்.

பல்லில்லாதது மேசையை விட்டு நகரவில்லை. "யாருக்கா இதையெல்லாம் கழுவி வைக்கறது?"

பேசாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பொய் சொல்ல அந்த முகத்தில் இடமே இல்லை.

"எங்கம்மாவும் என் தங்கச்சியும்."

"மண்ணும் அவங்களா போட்டாங்க? எதுக்கு?"

"போய் அவங்களையே கேளு."

அது போனது. அதன் பின்னால் பத்து, அதன் பின்னால் முப்பது. குழாயடியில் நின்றிருந்த அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் மண், எத்தனை கரண்டி, லேபிள் ஏன் நனையவில்லை, இதை எப்படிப் புதைத்தீர்கள்? அம்மா முதலில் மிரண்டு மேடம் நிற்கிற பக்கம் பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தை வாங்கிக் கசக்கிக் காட்டினாள். இன்னொன்று. பிள்ளைகளும் கசக்கினார்கள். "இவ்ளோ இறுக்கக்கூடாது கண்ணு," என்பது வராந்தாவரை கேட்டது.

மேடம் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

*

மூன்றரை மணிக்கு மேடம் பெரியவளையும் அம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கதவோரம் நின்றாள்.

"உட்காருங்கக்கா."

"இருக்கட்டும் மேடம்."

மேடம் பெரியவளைப் பார்த்தார். "கோவமா பேசப் போறதில்ல. ஒரு குழந்தை கை கிழிஞ்சுது, அதுலேர்ந்து ஆரம்பிச்சுது. எனக்கும் இது கேவலமாத்தான் இருக்கு. ஆனா பதினாறு வருஷமா நடத்தற ஸ்கூல். இதை வச்சு மூடவா முடியும்? உன் தங்கச்சிக்கு எழுதிடு. முதியோர் இல்லம், இருபத்தொம்பது மணி நேரம். நான் கையெழுத்துப் போடறேன். கடிதமும் இன்னிக்கே குடுத்துடறேன். கழுவின விஷயம் இந்த ரூமோட முடியணும்."

"அவ முதியோர் இல்லம் எந்தப் பக்கம் இருக்குன்னே பார்த்ததில்ல மேடம்."

"எழுதிடுடி," என்றாள் அம்மா கதவோரமிருந்து. "உனக்குக் கோடி புண்ணியம். எழுதிடு."

"மத்தியானமே எழுதிட்டேன்."

பெரியவள் பதிவேட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். மேடம் குனிந்து படித்தார். வாய் அசைந்தது.

"'செய்த சேவை: பள்ளியின் சேவை நாளுக்கு வேண்டிய குப்பையைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி, மாணவர்களுக்குக் காயம் படாதபடி பரப்பி வைத்தது. இருபத்தொன்பது மணி நேரம்.' என்னம்மா இது? இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க இதைப் படிப்பாங்க."

"படிக்கட்டும்."

"இந்த வரியோட கடிதம் போனா காலேஜ்ல சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டு, என்னன்னு கேக்கறதுக்காகவாவது கூப்பிடுவாங்க மேடம். இன்னிக்கு நூத்தி நாப்பது பிள்ளைங்க அதைத்தானே கேட்டுச்சு? முதியோர் இல்லம்னு எல்லாரும் எழுதறாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் இதை அடிச்சிடுவேன்."

"அடிங்க. அடிச்சா பக்கத்துல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஆபீஸ் ரூல். பொய்ன்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க."

மேடத்தின் கை பேனாவை எடுத்தது, மூடியைத் திறந்தது, அப்படியே நின்றது. பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கக்கா. பதினாறு வருஷமா இருக்கீங்க. இவ எழுதினது சரியா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மேடத்தின் பேனாவைப் பார்த்தாள். சின்னவளைச் சேர்க்க வந்த அன்றிலிருந்து இந்த அறையில் அவள் 'சரிங்க மேடம்' தவிர எதுவும் சொல்லிப் பெரியவள் கேட்டதில்லை. இப்போதும் அதுதான் வரப்போகிறது என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க மேடம்," என்றாள் அம்மா. "கொறைச்சலா எழுதியிருக்கா. நாலு வருஷம், வருஷத்துக்கு ரெண்டு வாரம், பொழுதுக்கு ரெண்டு மணி நேரம். ஜூஸ் பாக்கெட்டு மட்டுமே எவ்ளோ நேரம் புடிக்கும்னு இவளுக்கு என்ன தெரியும், இவ மூணு நாள்தானே கழுவினா?"

மேடம் அம்மாவை, பதினாறு வருடமாகத் தன் வீட்டில் இருந்த ஒரு பொருளை இன்றுதான் திருப்பிப் பார்க்கிறவர்போல, பார்த்தார். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, முழுப் பெயரையும்.

"கடிதம் எழுதறேன். உள்ளது உள்ளபடி," என்றார். "அக்கா எப்பவும்போல வரட்டும். ஆனா நீ..."

"தெரியும் மேடம். பதிவேடு என் கையில இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது."

பெரியவள் ஆபீஸ் சாவிக்கொத்தைப் பதிவேட்டின்மேல் வைத்தாள். ராஜினாமா எழுதி மடித்த காகிதம் ஒன்றையும் வைத்தாள். தேதி அன்றைய தேதிதான், ஆனால் காலையில் வீட்டில் தலைவாருவதற்கு முன்பே எழுதியது.

"அதையும் எழுதிட்டுத்தான் வந்தியா?" என்றார் மேடம்.

"இல்லேன்னா இப்ப நான் பேசினதெல்லாம் என் வேலையைக் காப்பாத்திக்கப் பேசின மாதிரி ஆயிடும்ல?"

அம்மா அவள் கையைப் பிடித்தாள். ஈரம் இன்னும் காயாத கை. "ஏண்டி, இனிமே என்னடி பண்ணுவே?"

"தேடுவேம்மா. நீ பயப்படாதே."

"சாப்பாட்டு டப்பாவை மறந்துடாதே, டேபிளுக்கு அடியில இருக்கு," என்றாள் அம்மா.

பெரியவள் டப்பாவை எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் விசில் சார் ஏதோ கேட்க வாயெடுத்தார்; அவள் நிற்கவில்லை. படியிறங்கி, காற்று மண்ணை வாரியடிக்கிற கிரவுண்டைக் குறுக்காகக் கடந்து, வாசல் கேட்டைத் தானே திறந்துகொண்டு வெளியே போனாள்.